அண்ணிக்காகப் பேசிய எலி

எனக்கு வயது நாற்பதைத் தாண்டிவிட்டது. வீட்டில் இன்னும் பாப்பாதான். உறவுக்காரர்கள் நடுவில் எலி டாக்டர். "நோய் வந்த எலிக்கெல்லாம் ஊசி போட்டுக் குணமாக்குறாளாம்" என்று ஒரு விருந்தில் சித்தப்பா யாரிடமோ பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தார். நடப்பது அதற்கு நேர் எதிர். நன்றாக ஓடியாடுகிற எலிக்கு ஊசி போட்டு அதன் மூளையைத் தடுமாற வைப்பதுதான் என் வேலை என்று சொல்லி, அவர் சாப்பாட்டைக் கெடுக்க எனக்கு மனம் வரவில்லை.

மனச்சிதைவு நோயில் புத்திக்கு என்ன ஆகிறது என்று பார்க்கிற ஆய்வுக்கூடம் எங்களுடையது. நான் அங்கே வேலைக்குச் சேர்ந்தபோது எங்கள் குடும்பத்தில் யாருக்கும் அந்த நோய் இல்லை. பெயரைக்கூட யாரும் கேட்டதில்லை. நான் போவதற்கு வழிவிட்டவளே அண்ணிதான்.

"இத்தனை படிப்பும் படிச்சிட்டு, கடைசியில எலிக்கூண்டோட குப்பை கொட்டப் போறாளா?" என்று அம்மா தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டாள். அண்ணி அப்போது கல்யாணமாகி வந்த புதிது. துணி மடித்துக்கொண்டே, தலையைக்கூட நிமிர்த்தாமல், "போகட்டும் அத்தை. எலியைப் பாத்து ஓடுற பொண்ணுங்கதான் எங்கயும். எலியைப் பாக்க ஓடுற பொண்ணு நம்ம வீட்டுல ஒண்ணாவது இருக்கட்டுமே" என்றாள். அம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அம்மா சிரித்துவிட்டால் பாதி சம்மதம். மீதிப் பாதியை, அண்ணன் இரண்டு நாள் கூடவே சுற்றி வாங்கிக் கொடுத்தான்.

அண்ணி பள்ளிச் சீருடை தைக்கும் பட்டறை ஒன்றில் கட்டிங் மாஸ்டர். நீளமான மேசையில் துணியை அடுக்கடுக்காக விரித்து, மேலே அட்டை வடிவத்தை வைத்து, சுண்ணக்கட்டியால் கோடு இழுத்து, வெட்டும் இயந்திரத்தை ஓட்டுவாள். அவள் வெட்டினால் கடைசி அடுக்குத் துணியும் முதல் அடுக்கும் நூல் பிசகாது. தைக்கிறவர்கள் சட்டையின் கைப்பகுதியை எடுத்துப் பார்த்தே, "இது அவங்க வெட்டினது" என்று சொல்லிவிடுவார்களாம். வீட்டிலும் அப்படித்தான். அடுப்பில் ஒன்று கொதிக்க, கையில் ஒன்று அரிபட, வாய் அம்மாவோடு வம்பளக்கும்; எதுவும் தீயாது.

முப்பது வயதுக்கு மேல் அவளுக்கு அது வந்தது. முதலில் பட்டறைச் சத்தத்துக்குள் யாரோ தன்னைப் பெயர் சொல்லித் திட்டுவதாகச் சொன்னாள். பிறகு குழாயில் தண்ணீர் விழும்போதும் கேட்டது. ஒரு கட்டத்தில் சாப்பாட்டில் ஏதோ கலந்திருக்கிறது என்று தட்டைத் தள்ளிவிட்டாள். அண்ணன் லிப்ட் பழுதுபார்ப்பவன். எவ்வளவு உயரத்திலும் கை நடுங்காமல் வேலை செய்கிறவன், அன்று எனக்குப் போன் செய்தபோது அவன் குரல் நடுங்கியது. "பாப்பா, நீ படிச்சதுதானே இது? வந்துடு."

மருத்துவமனையில் சேர்த்தோம். மாத்திரைகள் ஒன்றிரண்டு மாற்றிப் பார்த்ததில் ஒன்று ஒத்துக்கொண்டது. குரல்கள் அடுத்த வீட்டு ரேடியோ அளவுக்குக் குறைந்து, பிறகு ஒருநாள் நின்றே போயின. அண்ணி முழுத் தட்டுச் சாப்பாட்டையும் சாப்பிட்டு முடித்த அன்று, அண்ணன் அந்த டாக்டரின் கையைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை. அவர்தான், "அடுத்த நோயாளி காத்திருக்காங்க" என்று மெதுவாக விடுவித்துக்கொண்டார்.

எல்லாம் சரியாகிவிட்டது என்றுதான் எல்லாரும் நினைத்தோம்.

ஆனால் பால் பொங்கியது. நறுக்கிக்கொண்டிருந்தால் அண்ணி நறுக்கிக்கொண்டே இருந்தாள். பக்கத்திலேயே பால் பொங்கி வழிந்து அடுப்பு அணைந்தாலும் அவளுக்குத் தெரியவில்லை. பேருந்து நிறுத்தத்தைச் சாலைக்கு எதிர்ப்பக்கம் மாற்றினார்கள். அவள் பழைய இடத்திலேயே நின்று, எதிரே வந்து போகிற பேருந்துகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பட்டறையில் அவளை மறுபடி சேர்த்துக்கொண்டார்கள். காலையில் முழுக்கைச் சட்டை. மதியத்துக்கு மேல் அரைக்கை என்று முதலாளி வந்து சொன்னார். அண்ணி தலையாட்டினாள். சாயங்காலம் பார்த்தால் மேசை முழுக்க முழுக்கை. ஒருமுறை என்றால் போகட்டும். அடுத்தடுத்து அதே கதை. "வீட்ல ஓய்வெடுங்கம்மா" என்று அனுப்பிவிட்டார்.

அம்மாவால் அதைத் தாங்க முடியவில்லை. நல்லவள்தான். ஆனால் கண்ணுக்குத் தெரியாத நோயை அவளால் நம்ப முடியாது. "குரல் போயிடுச்சுன்னு டாக்டரே சொல்லிட்டாரு. அப்புறம் என்ன? உடம்பு வளையல, அவ்வளவுதான். சொன்னா தலைய ஆட்டுறா, செய்யறது பழைய குருடி கதவத் திறடி. வேணும்னே பண்றா." அண்ணி காதுபடவே சொல்வாள். அண்ணி பதில் சொல்வதில்லை. முன்பெல்லாம் அம்மா ஒன்று சொன்னால் அவள் ஒன்பது சொல்வாள்; அந்த ஒன்பதுதான் அந்த வீட்டின் கலகலப்பு.

நான் எத்தனையோ முறை விளக்கிப் பார்த்தேன். மாத்திரை குரலை நிறுத்தும், ஆனால் கவனத்தை ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குத் திருப்புகிற திறமையைத் திருப்பித் தராது, நோயின் அந்தப் பகுதிக்கு இன்னும் மருந்து இல்லை, அதைத்தான் நாங்கள் தேடுகிறோம் என்றேன். அம்மா கேட்டுக்கொண்டாள். "நீ அவ கட்சி. எப்பவுமே அவ கட்சிதான்" என்று எழுந்து போனாள்.

அப்புறம்தான் அம்மாவுக்குக் கடைவாய்ப் பல் பிடுங்க வேண்டி வந்தது.

பல் டாக்டரின் இடம் எங்கள் ஆய்வுக்கூடத்துக்கு இரண்டு தெரு தள்ளி. அன்று எனக்கு ஒரு சோதனையைப் பாதியில் விட முடியாத நாள். அதனால் பல் பிடுங்கிய கையோடு அம்மாவை எங்கள் இடத்துக்கே கூட்டி வந்தேன். எலிகள் இருக்கும் அறைக்குள் வெளியாட்களை விடமாட்டோம். பக்கத்து அறையில் இருந்து திரையில் பார்க்கலாம். அம்மாவை அங்கே நாற்காலியில் உட்கார வைத்தேன். வாயில் பஞ்சு. அம்மா பேசாமல் இருந்த அபூர்வமான மதியம் அது.

எங்கள் ஆய்வுத் தலைவர் மரியாதைக்காக எட்டிப் பார்த்தார். மனிதர் தங்கமானவர், ஆனால் வீட்டில் தண்ணீர் கேட்பதைக்கூட மேடையில் பேசுவதுபோல் கேட்பார். "வணக்கம் அம்மா. நீங்கள் பார்க்கப்போவது மனச்சிதைவு நோய்க்கான ஒரு விலங்கு மாதிரி" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

அம்மா வாயைத் திறக்க முடியாமல் என்னை முறைத்தாள். பஞ்சோடு பஞ்சாக, "யார விலங்கு மாதிரிங்கறாரு அந்த ஆளு?" என்றாள்.

"ஐயோ அம்மா, அந்த மாதிரி இல்ல. வீடு கட்டறதுக்கு முன்னாடி அட்டையில சின்னதா ஒரு வீடு பண்ணிக் காட்டுவாங்கல்ல, அந்த மாதிரி. அதுல யாரும் குடியிருக்க முடியாது. ஆனா எந்தப் பக்கம் காத்து வரும்னு பாக்கலாம். எலிக்கு இந்த நோய் வராது. அதுக்குக் குரல் கேக்குதான்னு யாரும் கண்டுபிடிக்கவும் முடியாது. நோயில ஒரே ஒரு துண்டை மட்டும் எலிகிட்ட கொண்டுவந்து பாக்கறோம்."

சோதனை எளிமையானது. பெட்டிக்குள் இரண்டு சின்னக் கிண்ணங்கள். ஒன்றின் அடியில் மட்டும் இனிப்புத் தானியம் புதைந்திருக்கும். கிண்ணங்களுக்கு இரண்டு வேறுபாடு: வாசனை வேறு, மேலே நிரப்பியிருக்கும் பொருள் வேறு. ஒன்றில் மரத்தூள் என்றால் இன்னொன்றில் கூழாங்கல். முதலில் வாசனையைப் பிடித்துப் போனால் தானியம் கிடைக்கும். எலி அதைக் கற்றுக்கொண்டதும் நாங்கள் விதியை மாற்றுவோம். இனி வாசனை ஏமாற்றும். நிரப்பியிருக்கும் பொருளைப் பார்க்க வேண்டும்.

முதலில் வந்தது ஊசி போடாத எலி. விதி மாறியதும் இரண்டு மூன்று தடவை ஏமாந்தது. பின்னங்காலில் நின்று மீசையை ஆட்டியது. அப்புறம் கூழாங்கல் பக்கம் போய், தோண்டி, எடுத்தது. அம்மா தொடையில் தட்டிக்கொண்டாள்.

அடுத்து வந்த எலி, மூளையைத் தடுமாற வைக்கும் ஊசியை முன்பே போட்டது. முதல் விதியை முதல் எலியைப் போலவே சுறுசுறுப்பாகக் கற்றுக்கொண்டது. அம்மா என்னைப் பார்த்து, இதற்கு என்ன குறை என்பதுபோல் கையை விரித்தாள். உள்ளே இருந்தவரிடம் நான் விதியை மாற்றச் சொன்னேன்.

எலி பழைய வாசனைக்குப் போய்த் தோண்டியது. இல்லை. மறுபடி அதே வாசனை. இல்லை. மரத்தூளை வாரி வெளியே எறிந்தது, கிண்ணத்தின் அடியை நகத்தால் பிறாண்டியது. தானியம் பக்கத்துக் கிண்ணத்தில், அதன் மூக்குக்கு ஒரு சாண் தூரத்தில் இருந்தது. அதைத் தாண்டித் தாண்டிப் பழைய வாசனையிடமே போனது.

அம்மா நாற்காலியின் நுனிக்கு வந்துவிட்டாள். "அங்க இல்ல... பக்கத்துல, பக்கத்துல!" என்று திரையைப் பார்த்துப் பஞ்சுக்குள்ளிருந்து முனகினாள். எலி மறுபடி பழைய கிண்ணத்தில் தலையை நுழைத்தது.

அம்மா வாயிலிருந்து பஞ்சை எடுத்துக் கைக்குட்டையில் வைத்துக்கொண்டாள்.

"பாவம்டி. அது என்ன வேணும்னா பண்ணுது?"

அவள் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"இல்லம்மா. அதுக்குப் பசி. அந்தத் தானியத்துக்குத்தான் இத்தனை பாடும். வேணும்னே யாராவது பட்டினி கிடப்பாங்களா? தப்புன்னு அதுக்கும் தெரியுது. ஆனா பழசை விட்டுட்டுப் புதுசுக்குத் திரும்ப முடியல."

"நாம சொன்னா?"

"சொல்றது மட்டும் பத்தாதும்மா."

வீட்டுக்குப் போகிற பேருந்தில் அம்மா கன்னத்தில் கைவைத்து ஜன்னலையே பார்த்துக்கொண்டு வந்தாள். பல் வலி என்று நினைத்துக்கொண்டேன். வீட்டில் அண்ணி காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். அடுப்பில் பால், விளிம்பைத் தொட்டுக்கொண்டிருந்தது. அம்மா செருப்பைக்கூடக் கழற்றாமல் போய்த் தீயைக் குறைத்தாள். அண்ணியின் தோள் ஒடுங்கியது. திட்டு விழும் என்று காத்திருந்தாள்.

"நீ நறுக்கு. பாலை நான் பாத்துக்கறேன்" என்றாள் அம்மா. வீங்கிய வாயோடு, பால் காய்கிற வரை அங்கேயே நின்றாள்.

மருத்துவமனையில் உளவியலாளர் ஒருத்தி இருந்தாள். கவனத்தைத் திருப்புவதற்கென்றே பயிற்சிகள் இருக்கின்றன, வாரா வாரம் வரட்டும் என்றாள். வீட்டில் என்ன செய்யலாம் என்றும் சொன்னாள்: ஒரு நேரத்தில் ஒரு வேலை, மாற்றம் இருந்தால் முன்கூட்டியே, தெளிவாக, கண்ணில் படும்படி. அம்மா அதை வேதவாக்காக எடுத்துக்கொண்டாள். எடுத்துக்கொண்டவள் சும்மா இருப்பாளா? ரயில் நிலைய அறிவிப்பாளராகவே மாறிவிட்டாள். "கவனிக்கவும்! இன்னைக்குச் சாயங்காலம் கடைக்குப் பின்வாசல் வழியாப் போறோம். முன்வாசல் வழி கிடையாது" என்று கூடத்தில் நின்று கூவுவாள். பழைய பேருந்து நிறுத்தத்துக்கே அண்ணியைக் கூட்டிப்போய், "இது செத்துப்போச்சு. இதுக்கு ஒரு கும்பிடு போடு" என்று காட்டி, கையைப் பிடித்துச் சாலையைக் கடந்து புதிய இடத்தில் கொண்டுபோய் நிறுத்தினாள். ஒருநாள் "கவனிக்கவும்!" என்று ஆரம்பித்துவிட்டு என்ன சொல்ல வந்தோம் என்பதை அம்மாவே மறந்து நின்றாள். அண்ணிக்குச் சிரிப்பு பீறிட்டது. "வண்டி தாமதமா அத்தை?" என்றாள். அண்ணன் குளியலறையிலிருந்து சோப்பு நுரையோடு எட்டிப் பார்த்தான். அவள் சிரித்து அவன் கேட்டு அவ்வளவு நாளாகியிருந்தது.

எலியைப் பார்த்துத்தான் அம்மா மாறினாள் என்பதை அண்ணியிடம் நான் சொல்லவில்லை. தன்னை எலியோடு ஒப்பிட்டதாக நினைத்து நொந்துவிடுவாளோ என்று பயம். அம்மா வாயில் எது நிற்கும்? ஒரு ஞாயிற்றுக்கிழமை சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது போட்டு உடைத்துவிட்டாள். "அன்னைக்கு அந்த எலி தோண்டறத நீ பாத்திருக்கணும். அப்படியே நீதான்!"

அண்ணன் மேசைக்கடியில் அம்மாவின் காலை உதைக்கப் பார்த்தான். உதை என் மேல் விழுந்தது.

அண்ணி கையிலிருந்த கவளத்தைத் தட்டில் வைத்தாள். "நான் வேணும்னு பண்ணலைன்னு எனக்குத் தெரியும் அத்தை. ஆனா அதை எப்படிச் சொல்றதுன்னு தெரியல. சொல்ல வரும்போதே கோத்து வச்சது அவுந்து போயிடும்." கவளத்தை மறுபடி எடுத்து, "பரவாயில்ல. எலியாவது எனக்காகப் பேசிச்சே" என்றாள்.

அம்மா எழுந்து போய்த் தண்ணீர் கொண்டு வந்தாள். தண்ணீர் யாரும் கேட்கவில்லை.

பட்டறை முதலாளியிடம் அம்மாவே போனாள், அண்ணனைத் துணைக்கு இழுத்துக்கொண்டு. "அவங்க கைவேலை யாருக்கும் வராதும்மா. ஆனா சொன்னா ஏறல, நான் என்ன செய்ய?" என்றார் அவர். "சொல்லாதீங்க, காட்டுங்க" என்றாள் அம்மா. ஒரு நாளைக்கு ஒரே வடிவம் கொடுப்பது, மாற்ற வேண்டி வந்தால் பழைய அட்டையை மேசையிலிருந்து எடுத்துவிட்டு, புதிதாய் வெட்ட வேண்டிய சட்டையை அவள் கண்ணெதிரே தொங்கவிடுவது என்று ஏற்பாடாயிற்று. காலை வேளை மட்டும் வேலை. அண்ணி மறுபடி வெட்டினாள். எல்லா நாளும் நல்ல நாள் இல்லை. சில நாள் எழவே முடியாது. அன்று அண்ணன் போன் செய்து சொல்லிவிடுவான், முதலாளியும் சரி என்பார். அவருக்கும் நாங்கள் கடமைப்பட்டவர்கள்தான்.

இதற்கு நடுவே என் வேலையில் இடி விழுந்தது. நாங்கள் பல வருஷம் பாடுபட்ட ஒரு மருந்து, எலிகளை அந்தப் பழைய வாசனையிலிருந்து விடுவித்தது. மருந்து கொடுத்த எலி, விதி மாறியதும் தானும் மாறிக்கொண்டது. நாங்கள் கொண்டாடினோம். பிறகு அதை மனிதர்களிடம் சோதித்தார்கள். மருந்தே இல்லாத வெறும் மாத்திரைக்கும் அதற்கும் வித்தியாசமே இல்லை. திட்டத்தை மூடிவிட்டார்கள். எங்கள் துறையில் இது புதிதில்லை. அட்டை வீட்டில் வந்த காற்று நிஜ வீட்டில் வராமல் போவது எத்தனையோ தடவை நடந்திருக்கிறது. ஆனால் இந்தத் தடவை, அந்த மருந்து யாருக்குப் போய்ச் சேரவேண்டும் என்று நான் மனதுக்குள் ஒரு முகம் வைத்திருந்தேன்.

வீட்டுக்குப் போனேன். அண்ணி பால்கனியில் துணி உலர்த்திக்கொண்டிருந்தாள். நான் க்ளிப்புகளை எடுத்துக் கொடுத்துக்கொண்டே சொன்னேன். "இத்தனை வருஷமும் வீண் அண்ணி. உங்களுக்கு ஒண்ணும் கொண்டுவர முடியல."

அவள் ஒரு போர்வையை முழுதாக விரித்து முடிக்கும்வரை பேசவில்லை. ஒரு நேரத்தில் ஒன்று.

"பாப்பா, குரல் நின்னுச்சே, அந்த மாத்திரை எப்படி வந்துச்சு? அதுக்கு முன்னாடி எத்தனை பேருக்கு எத்தனை மாத்திரை வீணாப் போயிருக்கும்? அவங்க எல்லாம் வீட்டுக்குப் போய் உக்காந்துட்டாங்களா?" பிறகு, "அத்தை என்னை வையறது நின்னுச்சே. அது எந்த மாத்திரைல நின்னுச்சு?" என்றாள்.

நான் சிரித்தேன். கண்ணும் நிறைந்தது. அவள் அதைப் பார்க்காததுபோல் அடுத்த துணியை எடுத்தாள்.

"அந்த எலிங்க எல்லாம் இப்ப எங்க?"

இந்தக் கேள்விக்கு உறவுக்காரர்களிடம் சொல்ல என்னிடம் ஒரு மழுப்பல் தயாராக இருக்கும். அண்ணியிடம் அது வரவில்லை. சோதனை முடிந்ததும் வலி தெரியாமல் முடித்துவிடுவோம், மூளையைப் பார்க்கவேண்டியிருக்கும் என்று சொன்னேன்.

அவள் கம்பியைப் பிடித்தபடி நின்றாள். "அதுங்ககிட்ட யாரும் கேக்கல, இல்ல?"

"கேக்கல அண்ணி. கேக்க முடியாது."

"கேக்காம வாங்கினதுக்கு, ஏதாவது செய்யணும்." யோசித்தாள். "கூண்டுல அதுங்களுக்குப் படுக்க என்ன போடுவீங்க?"

மரச்சீவல் போடுவோம், காகிதம் கிடைத்தால் கிழித்துக் கூடு கட்டிக்கொள்ளும், மெல்லிய துணி என்றால் கொள்ளை ஆசை என்றேன். பட்டறையில் வெட்டி மிஞ்சிய பருத்தித் துண்டு மூட்டை மூட்டையாகக் குப்பைக்குப் போகிறது என்றாள்.

எங்கள் விலங்கு மருத்துவர் லேசில் சம்மதிக்கிறவர் இல்லை. சாயம் ஏற்றாத துணியாக இருக்கவேண்டும், ஓரத்தில் நூல் பிரியக்கூடாது, பிரிந்தால் காலில் சுற்றிக்கொள்ளும், நீராவியில் கிருமி நீக்கிய பிறகுதான் உள்ளே போகலாம் என்று நிபந்தனை போட்டார். அண்ணி வீட்டு மேசையில் உட்கார்ந்து வெட்டினாள். ஒரே அகலம், ஒரே நீளம், நூல் பிரியாத சாய்வு வெட்டு. மருத்துவர் ஒரு துண்டை இழுத்துப் பார்த்தார், வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார், "யார் வெட்டினது?" என்றார். "எங்க அண்ணி" என்றேன்.

துணி போட்ட அன்று அவளைக் கூட்டிப்போனேன். அம்மா உட்கார்ந்த அதே திரைக்கு முன்னால்தான், ஆனால் இது சோதனை இல்லை, வெறும் கூண்டுதான். ஒரு பெண் எலி ஒரு துண்டை வாயில் கவ்வி மூலைக்கு இழுத்தது, திரும்பி வந்து இன்னொன்றை எடுத்தது. இன்னொரு எலி அதிலிருந்து ஒன்றைத் திருடியது. அண்ணி, "அடிப்பாவி!" என்று சிரித்தாள். கொஞ்சம் கொஞ்சமாகக் கூடு எழும்பி, கடைசியில் எலி அதற்குள் சுருண்டு, மூக்கு மட்டும் தெரிந்தது.

அண்ணி திரைக்குக் கிட்டே குனிந்தாள். "இருக்கற வரைக்கும் நல்லா இருங்க" என்றாள், சத்தமில்லாமல், வீட்டில் தூங்குகிறவர்களை எழுப்பாமல் பேசுவதுபோல்.

நான் இன்று வரை புதிய சோதனை ஒன்றைத் தொடங்கும்போதெல்லாம், கூண்டைத் திறப்பதற்கு முன் ஒரு கணம் நிற்கிறேன். என்ன சொல்வது என்று தெரியாததால் அண்ணி சொன்னதையே சொல்கிறேன். துணி மாதாமாதம் வருகிறது. புதிதாக ஒரு மருந்தை எடுத்திருக்கிறோம். அதுவும் போகிற போக்கைப் பார்த்தால்தான் தெரியும். அம்மா போன் செய்தால் முன்பெல்லாம் நான் சாப்பிட்டேனா என்று கேட்பாள். இப்போது அந்தக் கேள்வி இரண்டாவதாகத்தான் வருகிறது.

"எலிங்க சாப்பிட்டுச்சாடி?"

"சாப்பிட்டாச்சும்மா."

"சரி. நீ?"